தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு உதவ உள்ளூர் அமைப்புகள் பெற்ற பயிற்சி: ஒரு வரலாறு

எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்கு உதவுவதற்காக உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் பயிற்சி அளிக்கும் பணி தமிழ்நாட்டில் 1990-களில் தொடங்கியது. நோயைப் பற்றி ஊரை எச்சரிப்பதே தொடக்கத்தில் இப்பயிற்சியின் நோக்கமாக இருந்தது. பின்னர் தொற்றுள்ள பெண்ணின் உடல்நலம், குழந்தை, வீடு, சொத்து, மானம் ஆகியவற்றைக் காக்கும் பணியாக அது வளர்ந்தது. இந்த மாற்றத்தில் எச்.ஐ.வி. உள்ள பெண்களின் பங்கு பெரிது. உதவி பெறுவோராக வந்த அவர்கள், காலப்போக்கில் பிறருக்குக் கற்பிக்கும் பயிற்றுநர்களாக மாறினர்.

முதல் கண்டறிதல் (1986)

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன் வழிகாட்ட, அவரது முதுநிலை மாணவியான செல்லப்பன் நிர்மலா இந்த ஆய்வை மேற்கொண்டார். பாலியல் தொழிலில் ஈடுபட்டதாகக் கைது செய்யப்பட்டு அரசு காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து அவர் குருதி மாதிரிகளைத் திரட்டினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அவை சோதிக்கப்பட்டன. 1986-ஆம் ஆண்டில் 6 பெண்களுக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது.

மருத்துவ உலகில் இது பெரிய செய்தியாயிற்று. அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் மட்டுமே உள்ள நோய் என்று கருதப்பட்டது இங்கும் வந்துவிட்டது என்பதை நாடு உணர்ந்தது. ஆனால் அந்த 6 பெண்களைப் போன்றவர்களுக்கு ஆறுதல் சொல்லவோ, அடுத்து என்ன செய்வது என்று விளக்கவோ அன்று தனி அமைப்பு எதுவும் இல்லை. தொற்றைக் கட்டுப்படுத்தும் மருந்தும் அப்போது கிடையாது. அமெரிக்காவில் முதல் மருந்தான ஜிடோவுடினுக்கு ஒப்புதல் கிடைத்ததே 1987-இல்தான்.

காப்பகமும் நீதிமன்றமும்

கண்டறிதலைத் தொடர்ந்த ஆண்டுகளில் அச்சமே மேலோங்கியிருந்தது. தண்டனைக் காலம் முடிந்த பின்னும், எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டிச் சில பெண்கள் காப்பகத்திலேயே வைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் அவர்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். 1990-இல் அவர்களை விடுவிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

தொற்று இருப்பது குற்றமாகாது, அதற்காக ஒருவரை அடைத்து வைக்க இயலாது என்ற நிலைப்பாடு இதனால் வலுப்பெற்றது. ஆனால் விடுதலை பெற்ற பெண் எங்கே போவாள், யார் அவளைச் சேர்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு நீதிமன்ற உத்தரவு மட்டும் விடை தர முடியாது. அவள் வாழும் ஊரில் அவளைப் புரிந்துகொண்ட சிலராவது இருக்க வேண்டும். சியாமளா நடராஜ் தொடங்கிய தென்னிந்திய எய்ட்ஸ் செயல்திட்டம் என்ற அமைப்பு, ஆலோசகர்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் பயிற்சி தரும் பணியில் இறங்கியது. 1993-இல் சுனிதி சாலமன் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். பரிசோதனை, ஆலோசனை, சிகிச்சை மூன்றும் ஒரே கூரையின்கீழ் அங்குக் கிடைத்தன.

தொண்டு நிறுவனங்களுக்குப் பயிற்சி

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 1992-இல் தொடங்கியது. தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-இல் பதிவு செய்யப்பட்டது. அரசுத் துறையாக அன்றிப் பதிவு பெற்ற சங்கமாக இயங்கியதால் தொண்டு நிறுவனங்களுக்கு விரைவாக நிதி வழங்க அதனால் முடிந்தது. இந்த அமைப்பு முறையைப் பிற மாநிலங்களும் பின்னர் பின்பற்றின.

1995-இல் அமெரிக்க வளர்ச்சி முகமையின் நிதியுதவியுடன் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. இது 'ஏபேக்' என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்டது. மருத்துவர் கே.எஸ்.சஞ்சீவி 1958-இல் நிறுவிய தன்னார்வ நலப்பணி நிறுவனமான வி.எச்.எஸ். இதனை நடத்தியது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஏற்கெனவே கல்வி, குடிநீர், காசநோய், தொழுநோய்ப் பணிகளில் இருந்த சிறு நிறுவனங்கள் இத்தகைய திட்டங்களின் வழியாக எச்.ஐ.வி. பணிக்கு வந்தன. தேனி மாவட்டம் ஆண்டிபட்டியில் உள்ள ஆரோக்கிய அகம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய அனுபவம் அத்தகைய நிறுவனங்களுக்குக் கைகொடுத்தது. நோயைவிட ஊராரின் ஒதுக்குதலே மனிதரை அதிகம் வாட்டும் என்பதை அவை முன்பே அறிந்திருந்தன.

இந்தத் தொடக்கக் காலப் பயிற்சிகள் பெரும்பாலும் தடுப்பைப் பற்றியவை. லாரி ஓட்டுநர்கள், பாலியல் தொழிலாளர்கள், பால்வினை நோய் உள்ளோர் ஆகியோரைச் சந்திப்பது, ஆணுறை பயன்பாட்டை விளக்குவது, மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பது ஆகியவை கற்பிக்கப்பட்டன. எய்ட்ஸ் ஓர் உயிர்க்கொல்லி நோய் என்ற அச்சுறுத்தும் பரப்புரையும் உடன் நடந்தது. 2000-களின் தொடக்கத்தில் சுவர்களிலும் பேருந்துகளிலும் காணப்பட்ட 'புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரத்தைத் தமிழ்நாடே அறியும். பலரிடம் உறவு கொள்ளும் ஆணை அந்த விளம்பரம் எச்சரித்தது. வீட்டில் இருக்கும் அவன் மனைவியின் நிலை என்ன என்பது அதில் இடம்பெறவில்லை.

குடும்பப் பெண்கள் மீது திரும்பிய கவனம்

1990-களின் இறுதியில் மருத்துவமனைகளுக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர், கணவரைத் தவிர வேறு எவருடனும் உறவு கொள்ளாத இல்லத்தரசிகள். ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்திற்கு வந்த பெண்களைப் பற்றி 2000-இல் வெளியான ஆய்வும் இதையே கூறியது. பலர் மகப்பேற்றுக்கு முந்தைய பரிசோதனையின்போதோ, கணவர் இறக்கும் தறுவாயிலோ, குழந்தை நோயுற்றபோதோதான் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்தனர்.

கர்ப்பிணிகளிடையே தொற்றின் அளவு 2001-இல் மாநிலத்தில் 1.13 விழுக்காடாக இருந்தது. அதாவது 100 கர்ப்பிணிகளில் ஒருவருக்கு மேல் தொற்று இருந்தது.

தாயிடமிருந்து சேய்க்குத் தொற்று பரவுவதைத் தடுக்க, நெவிராபின் மருந்தைப் பிரசவத்தின்போது தாய்க்கு ஒருமுறையும் பிறந்த குழந்தைக்கு ஒருமுறையும் தரும் முறை அக்காலத்தில் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. எந்தச் சிகிச்சையும் இல்லையெனில் தாய்ப்பால் புகட்டும் காலம் உட்பட 15 முதல் 45 விழுக்காடு வரை குழந்தைகளுக்குத் தொற்று பரவக்கூடும். எனவே இத்திட்டம் பல குழந்தைகளைக் காத்தது. ஆயினும் இதில் இரு சிக்கல்கள் இருந்தன.

முதலாவது, குடும்பத்தில் முதலில் பரிசோதிக்கப்படுபவள் கர்ப்பிணியாகவே இருந்தாள். ஆகவே வீட்டுக்குள் நோயைக் கொண்டுவந்தவள் அவளே என்ற பழி எளிதில் அவள்மேல் விழுந்தது. கணவர் பரிசோதனைக்கு வராமலே இருந்துவிட முடிந்தது. இப்பழியைத் தவிர்க்கவே, பிற நாடுகளில் 'தாயிடமிருந்து சேய்க்கு' எனப்பட்ட இத்திட்டம் இந்தியாவில் 'பெற்றோரிடமிருந்து குழந்தைக்கு' எனப் பெயரிடப்பட்டது. இரண்டாவது, குழந்தையைக் காக்க மருந்து கிடைத்தது. ஆனால் தாயைக் காக்கும் தொடர் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் 2004 வரை இலவசமாகக் கிடைக்கவில்லை.

எனவே உள்ளூர் அமைப்புகளுக்கு வேறு வகைப் பயிற்சி தேவைப்பட்டது. தடுப்புப் பரப்புரை கற்ற களப்பணியாளரிடம் இளம் கைம்பெண் ஒருத்தி கைக்குழந்தையுடன் வந்து நின்றால் என்ன செய்வது என்பதை அதுவரை நடந்த பயிற்சிகள் போதிய அளவு சொல்லித் தரவில்லை.

பெண்களே பயிற்றுநர்களாதல்

1994 திசம்பர் 1 அன்று பாரிசில் கூடிய உலக எய்ட்ஸ் மாநாட்டில், எச்.ஐ.வி. உள்ளோரைத் திட்டங்களில் கூடுதலாகப் பங்கேற்கச் செய்வது என்று 42 நாடுகள் அறிவித்தன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. இந்தியாவில் இக்கருத்துக்கு உருவம் கொடுத்த அமைப்புகளில் முதன்மையான இரண்டு சென்னையில் தோன்றின. எச்.ஐ.வி. உள்ளோரின் இந்தியக் கூட்டமைப்பு 1997-இலும், பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் எனப்படும் எச்.ஐ.வி. உள்ள பெண்களின் கூட்டமைப்பு 1998-இலும் தொடங்கப்பட்டன. பின்னதைத் தொடங்கியோருள் முதன்மையானவர் பி. கௌசல்யா.

பெண்களுக்குத் தனி அமைப்பு ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வி எழலாம். பொதுக் கூட்டமைப்புகளில் ஆண்களே அதிகம் பேசினர். கருவுறுதல், தாய்ப்பால், மாமியார் வீட்டுப் பூசல், மறுமணம், கணவருடன் பாதுகாப்பான உறவு போன்றவற்றை ஆண்கள் முன்னிலையில் பெண்கள் பேசத் தயங்கினர். பெண்கள் மட்டும் கூடிய சிறு குழுக்களில் இவை வெளிப்படையாகப் பேசப்பட்டன.

அரசும் தொண்டு நிறுவனங்களும் நடத்திய பயிற்சிகளுக்கு இத்தகைய பெண்கள் பேச்சாளர்களாக அழைக்கப்பட்டனர். தொடக்கத்தில் தம் வாழ்க்கைக் கதையைக் கூறுவதோடு அவர்கள் பங்கு முடிந்தது. கேட்டோர் கண்கலங்கினர், ஆனால் அதனால் நிறுவனத்தின் செயல்முறை மாறிவிடவில்லை. நாளடைவில் பெண்கள் தாமே பாடத்தை நடத்தினர். எந்தச் சொல் புண்படுத்துகிறது, எந்த வகையான வீட்டுச் சந்திப்பு ஊரில் சந்தேகத்தைக் கிளப்புகிறது, மருத்துவமனையின் எந்த வரிசையில் நின்றால் அக்கம்பக்கத்தார் அறிந்துகொள்வர் என்பவற்றை அனுபவித்தவர்களே சொல்ல முடிந்தது. 'எய்ட்ஸ் நோயாளி' என்ற சொல் விலகி 'எச்.ஐ.வி. உள்ளோர்' என்ற சொல் பயிற்சி ஏடுகளில் இடம்பிடித்ததும் இக்காலத்தில்தான்.

பயிற்சியில் கற்பிக்கப்பட்டவை

இத்தகைய பயிற்சிகளின் முதன்மையான கூறுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

இரகசியம் காத்தல்: இதுவே முதற்பாடம். பெண்ணின் இசைவின்றி அவள் நிலையைக் கணவரின் உறவினருக்கோ, பள்ளிக்கோ, ஊராட்சித் தலைவருக்கோ கூறக்கூடாது. நிறுவனத்தின் பெயர்ப்பலகை பொருத்திய வண்டியில் அவள் தெருவுக்குப் போகக்கூடாது. பதிவேட்டில் பெயருக்குப் பதில் குறியெண் எழுத வேண்டும். பதிவேட்டைப் பூட்டி வைக்க வேண்டும். நல்லெண்ணத்தில் சொன்ன ஒரு சொல்லாலும் ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போக நேரலாம் என்பது வலியுறுத்தப்பட்டது.

ஆற்றுப்படுத்துதல்: பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தருவது இதில் அடங்கும். அறிவுரை வழங்குவதும் ஆற்றுப்படுத்துவதும் வேறு வேறு என்பது விளக்கப்பட்டது. அறிவுரை கூறுபவர் தாம் பேசுவார். ஆற்றுப்படுத்துபவர் முதலில் கேட்பார். ஒருவர் தொற்றுள்ள பெண்ணாகவும் மற்றவர் பணியாளராகவும் நடித்துப் பழகும் முறை பயன்படுத்தப்பட்டது.

மருந்தும் உடல்நலமும்: கூட்டு மருந்தை நாள்தோறும் உரிய நேரத்தில் வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். இடையில் நிறுத்தினால் வைரசு மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெறும். காசநோயின் அறிகுறிகள், ஊட்டச்சத்து, கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆகியவையும் கற்பிக்கப்பட்டன. மாத்திரையை மாமியார் வீட்டில் எங்கே வைப்பது, கூலி வேலைக்குப் போகும் நாளில் எப்போது உண்பது போன்ற நடைமுறைச் செய்திகளை எச்.ஐ.வி. உள்ள பெண் பயிற்றுநர்களே சிறப்பாகக் கூறினர்.

சட்டமும் சான்றிதழ்களும்: இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி, உயில் எழுதாமல் இறந்த கணவரின் தனிச்சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கணவரின் தாய்க்கும் சம பங்கு உண்டு. தொற்று இருப்பதால் இந்த உரிமை போய்விடாது. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று பெறுவது, ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிப்பது, தனிக் குடும்ப அட்டை கோருவது, இலவசச் சட்ட உதவி மையத்தை அணுகுவது ஆகியவை படிப்படியாக விளக்கப்பட்டன. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன்படி வருமான வரம்பின்றி எல்லாப் பெண்களும் இலவசச் சட்ட உதவி பெறலாம்.

இந்தக் கடைசிப் பகுதியின் தேவையை ஓர் ஆய்வு தெளிவாக்கியது. தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழு தமிழ்நாடு உள்ளிட்ட 6 மாநிலங்களில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. எச்.ஐ.வி. உள்ள கைம்பெண்களில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினருக்குக் கணவரின் சொத்தில் பங்கு மறுக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கணவர் வீட்டில் வாழவில்லை. மருந்து கிடைத்தாலும் தங்க இடமும் உண்ண உணவும் இல்லாதவளால் அம்மருந்தைத் தொடர்ந்து உட்கொள்ள முடியாது. எனவே சொத்துரிமைப் பயிற்சியும் ஒருவகையில் மருத்துவப் பயிற்சியே என்று களப்பணியாளர்கள் உணர்ந்தனர்.

இலவசச் சிகிச்சையும் மாவட்ட அமைப்புகளும்

2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 8 அரசு மருத்துவமனைகளுள் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. 1993 முதல் எச்.ஐ.வி. உள்ளோரை உள்நோயாளிகளாக ஏற்று வந்த அம்மருத்துவமனைக்கு ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் வந்தனர்.

சிகிச்சை வந்ததும் பயிற்சியின் உள்ளடக்கம் மாறியது. அதுவரை இறக்கும் தறுவாயில் உள்ளோருக்கு ஆறுதல் அளிப்பது பெரும்பணியாக இருந்தது. இப்போது நெடுங்காலம் வாழப் போகிறவர்களுக்குத் துணைநிற்பது பணியாயிற்று. 2005 முதல் உலக நிதியத்தின் உதவியுடன், தமிழ்நாடு உள்ளிட்ட தொற்று மிகுந்த மாநிலங்களில் மாவட்ட அளவிலான எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்புகள் வளர்க்கப்பட்டன. கணக்கு எழுதுதல், கூட்டம் நடத்துதல், திட்ட அறிக்கை தயாரித்தல், மாவட்ட ஆட்சியரிடம் மனு அளித்தல் ஆகியவற்றிலும் அவற்றின் உறுப்பினர்கள் பயிற்சி பெற்றனர். பத்தாம் வகுப்பைத் தாண்டாத பெண்கள் பலர் இவ்வாறு அலுவலகம் நடத்தக் கற்றனர். பரிசோதனை மையங்கள் 'நம்பிக்கை மையம்' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் பரவின. மகளிர் சுய உதவிக் குழுக்களிடமும் விழிப்புணர்வு கொண்டு செல்லப்பட்டது.

நிதி குறைந்த காலம்

2010-க்குப் பின் நிலைமை மாறியது. தொற்று குறைந்ததால் வெளிநாட்டு நிதியும் குறைந்தது. கேட்ஸ் அறக்கட்டளையின் அவகான் திட்டம் போன்றவை தம் பணிகளை அரசிடம் ஒப்படைத்தன. உள்நோயாளிகளை ஏற்றுவந்த சமுதாயப் பராமரிப்பு மையங்களுக்கு மாற்றாக, 2013-இல் 'விகான்' என்ற திட்டத்தின்கீழ்ப் பராமரிப்பு மற்றும் ஆதரவு மையங்கள் வந்தன. இவற்றில் பலவற்றை எச்.ஐ.வி. உள்ளோரின் கூட்டமைப்புகளே நடத்தின.

இக்காலத்தில் ஒரு வேறுபாடு வெளிப்பட்டது. திட்ட நிதிக்காக மட்டும் இப்பணிக்கு வந்த நிறுவனங்களில் பயிற்சி பெற்றோர், நிதி நின்றதும் வேறு வேலைக்குச் சென்றனர். அவர்கள் பெற்ற பயிற்சியும் அவர்களோடு போயிற்று. எச்.ஐ.வி. உள்ள பெண்களிடம் சேர்ந்த பயிற்சியோ அவ்வூரிலேயே தங்கியது. சம்பளம் இல்லாவிட்டாலும், புதிதாகத் தொற்று அறிந்த பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வழி தெரிந்த ஒருத்தி அங்கு இருந்தாள். ஆனால் இதிலும் ஓர் அநீதி உண்டு. ஊதியமின்றி உழைக்கும் சுமை, ஏற்கெனவே நலிந்த பெண்கள் மீதே விழுந்தது.

2017-ஆம் ஆண்டுச் சட்டம்

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017 என்ற சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதை இச்சட்டம் தடை செய்கிறது. இசைவின்றி ஒருவரின் நிலையை வெளியிடுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. தொற்றுள்ள பெண்ணுக்குக் கூட்டுக் குடும்ப வீட்டில் வசிக்கும் உரிமையும், புகார்களை விசாரிக்கக் குறைதீர்ப்பாளரும் இதில் இடம்பெற்றுள்ளன. களப்பணியாளர்கள் பல ஆண்டுகள் நெறியாகக் கற்று வந்த இரகசியம் காத்தல் இதனால் சட்டக் கடமையாயிற்று.

இதே 2017-இல், சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் தொற்று உறுதியானவுடன் சிகிச்சை தொடங்கும் முறையும் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை 200-க்குக் கீழ் குறையும் வரை பலர் காத்திருக்க வேண்டியிருந்தது.

மதிப்பீடு

தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளிடையே தொற்றின் அளவு பின்னாளில் 0.3 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தது. பரிசோதனை, மருந்து, பரப்புரை என இதற்குப் பல காரணங்கள் உண்டு. உள்ளூர் அமைப்புகளின் பயிற்சியை மட்டும் தனியே பிரித்து அளப்பது கடினம். ஆயினும் மருந்தையும் சட்டத்தையும் பெண்ணின் வீட்டு வாசல் வரை கொண்டு சேர்த்ததில் அவ்வமைப்புகளுக்குப் பெரும்பங்கு உண்டு. நோயைப் பற்றிய அறிவைவிட, தொற்றுள்ள பெண்ணிடம் நடந்துகொள்ள வேண்டிய முறையே கற்பிப்பதற்குக் கடினமானது என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது.

இன்று தேவைகள் மீண்டும் மாறியுள்ளன. 2004-இல் மருந்து தொடங்கிய பெண்கள் முதுமையை நெருங்குகின்றனர். நீரிழிவு, இரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம் ஆகியவற்றோடு அவர்கள் வாழ்கின்றனர். பிறப்பிலேயே தொற்று பெற்ற குழந்தைகள் வளர்ந்து திருமண வயதை அடைந்துள்ளனர். தம் நிலையை மணமகனிடம் எப்போது கூறுவது, தொற்றற்ற குழந்தையைப் பெறுவது எப்படி என்று கேட்கும் இளம்பெண்களுக்கு விடை சொல்ல, அடுத்த தலைமுறைப் பணியாளர்களும் பயிற்சி பெற வேண்டியுள்ளது.